எந்தச் சுரங்கத்துக்கு எந்த மென்பொருள்?

(சுரங்கப் பொறியியல் மாணவர்களும் சுரங்க மேலாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மேலாளர்களும் சர்வேயர்களும் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மாணவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது அதிசயம். யாரோ அதட்டி உட்கார வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு சுரங்க மென்பொருள்களை ஒப்பிடுவது. இடப்பக்கம் பத்து மென்பொருள் பெயர்கள், மேலே இருபது வசதிகள், நடுவே டிக் போட்ட கட்டங்கள் என்று ஒரு பட்டியலை நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அதை நான் கொண்டுவரவில்லை. அந்த மாதிரிப் பட்டியலில் எல்லா விற்பனையாளருக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்துவிடும். பிறகு விலையைத் தவிர ஒப்பிட எதுவும் மிஞ்சாது. டெண்டரில் குறைந்த விலை வெல்லும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் லைசன்ஸ் டாங்கிள் கணக்கர் மேசை டிராயரில் இருக்கும், உற்பத்தித் திட்டம் எக்செல் தாளில் ஓடிக்கொண்டிருக்கும். (எக்செல்லை நான் குறை சொல்லவில்லை. உலகத்துச் சுரங்கத் திட்டங்கள் பல இன்றும் அதில்தான் பிறக்கின்றன.)

நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி. உங்கள் சுரங்கத்தில் எந்த முடிவு தவறாகப்போனால் இழப்பு மிகப் பெரிது? அந்த முடிவை யார் எடுக்கிறார், எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறார்? இதற்குப் பதில் எழுதிய பிறகு விற்பனையாளரை உள்ளே விடுங்கள். பதில் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். அதனால் "மிகச் சிறந்த சுரங்க மென்பொருள்" என்று ஒன்று இருக்கவே முடியாது.

நமக்குப் பக்கத்திலிருக்கும் நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். அங்கே பழுப்பு நிலக்கரி எடுக்கும் நிறுவனம் 1956இல் பிறந்தது. 1961இல் முதல் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. வெளியூரிலிருந்து வரும் மென்பொருள் விற்பனையாளர், திறந்தவெளிச் சுரங்கம் என்றதும் ஷவலும் டம்பரும் ஓடும் படத்தைத் திரையில் போடுவார். நெய்வேலியின் பெரிய வேலையைச் செய்வது பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர். சக்கரம் சுழன்றுகொண்டே மண்ணை வாரி கன்வேயரில் கொட்டும். கன்வேயர் அதைக் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோய் ஸ்ப்ரெடரிடம் கொடுக்கும். ஸ்ப்ரெடர், நிலக்கரி எடுத்து முடிந்த பள்ளத்தில் அதை நிரப்பும். எல்லாம் ஒரே சங்கிலி. இங்கே எந்த டம்பர் எந்த ஷவலுக்குப் போக வேண்டும் என்று நிமிடத்துக்கு நிமிடம் சொல்லும் மென்பொருளுக்குப் பிரதான வேலை கிடையாது. பெஞ்ச் கன்வேயரை எப்போது நகர்த்துவது, எவ்வளவு நகர்த்துவது என்பதே திட்டக்காரர் தலையைத் தின்னும் கேள்வி. கன்வேயரை நகர்த்தும் நாட்களில் அந்த வரிசை முழுக்க நின்றுவிடும். நகர்த்தல் என்ற ஒன்றையே அறியாத மென்பொருள் போடும் வருடாந்திர அட்டவணை, திரையில் மட்டும் அழகாக இருக்கும்.

அடுத்தது மண். மேல்மண்ணில் வரும் கடலூர் மணற்கல் கடினமானது, தேய்க்கும் குணமுள்ளது. பக்கெட் பற்களைத் தின்றுவிடும். தொடக்க காலத்திலேயே அதை வெடிவைத்துத் தளர்த்தித்தான் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே நிலவியல் மாதிரியில் நிலக்கரி எங்கே இருக்கிறது என்பது பாதி. மணற்கல் எந்தப் பெஞ்சில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பது மறுபாதி. தாமிரத்துக்கோ தங்கத்துக்கோ எழுதப்பட்ட மென்பொருள் தரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், மேல்மண்ணை "கழிவு" என்று ஒரே நிறத்தில் பூசிவிடும். நெய்வேலியில் அந்தக் கழிவுக்குள்தான் செலவே இருக்கிறது. படிவம் படிவமாகக் கிடக்கும் நிலக்கரிக்கு, தரையை மூன்று திசையிலும் சின்னச் சின்னப் பெட்டியாக வெட்டும் பிளாக் மாடலைவிட, ஒவ்வொரு அடுக்கின் மேல்பரப்பையும் அடிப்பரப்பையும் தனித்தனியே வைத்திருக்கும் அடுக்கு மாடல் பொருத்தம். மைனெக்ஸ், மைன்ஸ்கேப் போன்றவை நிலக்கரித் துறையில் வேரூன்றியதற்குக் காரணம் இதுதான். அவை "நல்ல" மென்பொருள் என்பதால் அல்ல, நிலக்கரி கிடக்கும் விதத்தைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டவை என்பதால்.

ஆனாலும் நெய்வேலியில் தவறவே கூடாத முடிவு மண்ணைப் பற்றியதோ நிலக்கரியைப் பற்றியதோ அல்ல, தண்ணீரைப் பற்றியது. படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்ட ஆர்ட்டீசியன் நீர்ப்படுகை இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம் என்று தொழில்நுட்பக் கட்டுரைகள் சொல்லும். மேலே இருக்கும் மண்ணின் பாரம் அதை அமுக்கி வைத்திருக்கிறது. நாம் தோண்டித் தோண்டி அந்தப் பாரத்தை எடுத்துவிட்டால் தண்ணீர் சுரங்கத் தரையைப் பெயர்த்துக்கொண்டு வரும். அதனால்தான் அங்கே குழாய்க்கிணறுகள் இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருக்கின்றன. அடுத்த கிணற்றை எங்கே போடுவது, எவ்வளவு இறைத்தால் அழுத்தம் போதுமான அளவு இறங்கும், அதே நேரம் சுற்றுவட்டார விவசாயியின் போர் வற்றாமல் இருக்குமா? இந்தச் சுரங்கத்தின் உயிர் இருப்பது இந்த முடிவில்தான்.

இதற்கு உலகெங்கும் பேர்போன கருவி மாட்ஃப்ளோ. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 1984இல் வெளியிட்டது, இன்றுவரை புதுப்பித்து வருகிறது. விலை எவ்வளவு தெரியுமா? ஒன்றுமில்லை, இலவசம். அதை இயக்க வசதியான முகப்பு வேண்டுமென்றால் விலை கொடுத்தும் வாங்கலாம், அதே துறை தரும் மாடல்மியூஸ் என்ற இலவச முகப்பையும் எடுக்கலாம். கோடிக்கணக்கில் விலை போட்ட தொகுப்புகளை ஒப்பிட்டுக் கூட்டம் மேல் கூட்டம் நடக்கும் ஊரில், உயிர்நாடியான முடிவுக்கு உதவும் கருவி இலவசமாகக் கிடைக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. சொல்வதால் யாருக்கும் கமிஷன் கிடையாது. ஆனால் மாட்ஃப்ளோ சும்மா வேலை செய்யாது. வரிசையாகப் பீசோமீட்டர் அளவீடுகள் வேண்டும், ஒவ்வொரு கிணறும் எவ்வளவு இறைத்தது என்ற கணக்கு வேண்டும், அதை மாதாமாதம் மாதிரியோடு ஒத்துப்பார்க்கும் நீரியல் அறிந்த ஆள் வேண்டும். லைசன்ஸில் மிச்சமான காசை அந்த ஆளுக்குச் சம்பளமாகக் கொடுங்கள்.

நெய்வேலியிலிருந்து கொஞ்சம் தென்மேற்கே அரியலூர் போனால் கேள்வியே வேறு. அங்கே சுண்ணாம்புக்கல். வாங்குபவர் அடுத்த தெருவில் இருக்கும் சிமென்ட் ஆலை. சூளைக்குப் போகும் கல்லில் சுண்ணாம்புக்கும் சிலிக்கா, அலுமினா, இரும்புக்கும் உள்ள விகிதம் நாளுக்கு நாள் ஆடக்கூடாது. ஆடினால் கிளிங்கர் கெடும், எரிபொருள் வீணாகும். ஆக, இன்று எந்த முகப்பிலிருந்து எத்தனை டிப்பர், நாளை எந்த முகப்பிலிருந்து எத்தனை டிப்பர் என்பதே பிரதான முடிவு. இருபது வருடத் திட்டம் போடும் பெரிய மென்பொருள் இங்கே இரண்டாம் பட்சம். வெடித்துளைத் தூளின் ஆய்வக முடிவு மாலைக்குள் வந்து, இரவுக்குள் மறுநாள் கலவைக் கணக்காக மாற வேண்டும். அந்தக் கலவைக் கணக்கு சாதாரண நேரியல் நிரலாக்கம்தான். இங்கிருக்கும் மாணவர்கள் ஒரு பருவத்தில் எழுதிவிடுவார்கள். ஆய்வக முடிவு மூன்று நாள் கழித்து வரும் சுரங்கத்துக்கு எந்த மென்பொருளும் உதவாது.

இப்போது உலோகச் சுரங்கங்களுக்கு வருகிறேன். விளம்பரம் அதிகமாக நடப்பது இங்கேதான். கொஞ்சம் வரலாறு சொன்னால்தான் எதற்குக் காசு கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பது புரியும்.

தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரான்ட் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிகே என்ற பொறியாளர் ஒன்றைக் கவனித்தார். மாதிரிகளில் மிகச் செழிப்பாகத் தெரிந்த பகுதியை வெட்டி எடுத்தால், சொன்ன அளவு தங்கம் வருவதில்லை. மிக வறண்டதாகத் தெரிந்த பகுதியோ சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறது. இது யாருடைய பிழையும் அல்ல, கையளவு மாதிரியை வைத்து மலையளவு பாறையை மதிப்பிடும்போது கட்டாயம் நேர்வது. 1951இல் இதைப் புள்ளியியலாக எழுதினார். பிரான்சில் ஜார்ஜ் மாத்தரோன் அதைக் கணிதமாக வளர்த்து, கிரிகே பெயரையே அதற்கு வைத்தார். கிரிகிங் இன்று எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. ஒரே துளைத் தரவு, ஒரே வேரியோகிராம், ஒரே தேடல் எல்லை கொடுத்தால் எந்த மென்பொருளிலும் ஏறக்குறைய ஒரே விடை வரும். விடை வேறுபட்டால் அமைப்புகள் எங்கோ வேறுபட்டிருக்கின்றன என்று பொருள். "எங்கள் கிரிகிங் துல்லியமானது" என்று யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். வேரியோகிராமைப் பொருத்துவது நிலவியலாளரின் மூளை.

இரண்டாவது, பள்ளத்தின் எல்லை. எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் தோண்டினால் லாபம் உச்சமாகும்? ஒரு பிளாக்கை எடுக்க அதன் தலைக்கு மேலுள்ள ஒன்பதை எடுக்க வேண்டும். அந்த ஒன்பதை எடுக்க அதற்கும் மேலுள்ள இருபத்தைந்தை எடுக்க வேண்டும். சரிவு நிற்க வேண்டுமே! இப்படி லட்சக்கணக்கான பிளாக்குகளில் எந்தத் தொகுப்பை எடுத்தால் மொத்த மதிப்பு உச்சம் என்ற கேள்விக்கு, மாண்ட்ரியாலில் ஐபிஎம்மைச் சேர்ந்த லெர்க்ஸும் கிராஸ்மனும் 1965இல் விடை கொடுத்தார்கள். தோராயமான விடை அல்ல, உச்சம் என்று நிரூபிக்கப்பட்ட விடை. 1980களில் மெல்பர்னில் ஜெஃப் விட்டில் அதைச் சுரங்கக்காரர்கள் பயன்படுத்தும் மென்பொருளாக்கினார். விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி ஒன்றுக்குள் ஒன்றாகப் பள்ளங்களை வரைந்து, எதை முதலில் தோண்டுவது என்று பார்க்கும் பழக்கம் அதனால் பரவியது. பிறகு பெர்க்லியில் டோரிட் ஹோக்பாம் சூடோஃப்ளோ என்ற வேகமான முறையைக் கொடுத்தார். இன்று பல மென்பொருள்களில் ஓடுவது அதுதான்.

வாங்குபவர் இதில் கவனிக்க வேண்டியது இது. லெர்க்ஸ்-கிராஸ்மன் ஆனாலும் சூடோஃப்ளோ ஆனாலும், உள்ளீடு ஒன்றானால் உச்ச மதிப்பும் ஒன்றுதான். மணிக்கணக்கில் ஓடியது நிமிடத்தில் ஓடும், அவ்வளவுதான். பள்ளத்தின் இறுதி எல்லையை எங்கள் மென்பொருள் சிறப்பாகக் கணிக்கும் என்ற பேச்சுக்குப் பொருளே இல்லை. தாமிர விலையை நூற்றுக்குப் பத்து மாற்றினாலோ சரிவுக் கோணத்தை மூன்று டிகிரி மாற்றினாலோ பள்ளம் ஆடும் ஆட்டத்துக்கு முன்னால், மென்பொருளுக்கும் மென்பொருளுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுமே இல்லை.

உண்மையான வேறுபாடு கால அட்டவணையில் இருக்கிறது. எந்த பிளாக் எந்த வருடம், எது ஆலைக்கு, எது குவியலுக்கு, எது கழிவுக்கு என்று வட்டிக்கணக்கோடு சேர்த்துக் கேட்டால் கணக்கு பூதாகரமாகிவிடும். 1968இலேயே ஜான்சன் என்பவர் பெர்க்லியில் தன் ஆய்வேட்டில் இதைச் சமன்பாடுகளாக எழுதிவைத்தார். பெரிய சுரங்கத்துக்கு அதைச் சுருக்குவழி இல்லாமல் தீர்க்க அன்றைய கணினியால் முடியவில்லை. இன்றும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று சில குறுக்குவழிகள் வைத்திருக்கிறது. ஒன்று பிளாக்குகளைக் கூட்டிப் பெரிதாக்கும், இன்னொன்று கட்டங்களை முன்கூட்டியே வரையச் சொல்லும், மற்றொன்று ஆலையின் கொள்ளளவைக் கறாராகப் பிடித்துக்கொண்டு லாரி எண்ணிக்கையைத் தளர்த்திவிடும். ஆகவே திறந்தவெளி உலோகச் சுரங்கம் வைத்திருப்பவர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது, "அட்டவணையில் எதைத் தளர்த்துகிறீர்கள்?" என்பது. தயங்காமல் பதில் சொல்பவரை நம்பலாம். "எதையும் தளர்த்துவதில்லை" என்பவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

தாதுவின் உருவத்தை வரைவது மூன்றாவது. பழைய முறையில் நிலவியலாளர் குறுக்குவெட்டு வரைபடங்களில் கோடு போட்டு, கோடுகளைக் கோத்து, கம்பிவலையாக உருவம் எடுப்பார். வாரக்கணக்கில் ஆகும். புதிய துளை வந்தால் மறுபடி முதலிலிருந்து. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் உருவான லீப்ஃப்ராக் இதைத் தலைகீழாக்கியது. அதன் கணிதத்தின் ஒரு வேர் மருத்துவத்தில் இருக்கிறது. மண்டையோட்டில் ஏற்பட்ட ஓட்டையை மூடும் தகட்டின் வளைவைக் கணிக்க, 1990களில் அந்த ஊர் ஆய்வாளர்கள் ஒரு முறையைப் பயன்படுத்தினார்கள். சுற்றியிருக்கும் எலும்பிலிருந்து இல்லாத எலும்பின் வடிவத்தை ஊகிக்கும் முறை. அதே கணிதம் துளைகளுக்கு நடுவே தெரியாத தாதுவின் வடிவத்தை ஊகிக்கிறது. துளைத் தரவை ஊட்டினால் சில மணி நேரத்தில் உருவம் திரையில் சுழலும். புதிய துளை வந்தால் உருவம் தானே திருந்தும்.

இது பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. என் பயமும் இங்கேதான். பழைய முறையில் கோடு போடும் கை ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் தயங்கும். "இங்கே முறிவு ஒன்று ஓடுகிறதே, தாது அதைத் தாண்டிப் போகுமா?" என்று யோசிக்கும். மண்டையோடு ஒழுங்கான வளைவு. அதில் முறிவுப் பிளவுகள் ஓடுவதில்லை. பூமியில் ஓடுகின்றன. ஆறே துளையிலிருந்து வந்த வழுவழுப்பான சிவப்பு உருவம் கூட்ட அரங்கில் சுழலும்போது, அதற்குப் பின்னால் ஆறு துளைதான் இருக்கிறது என்பது இயக்குநர் குழுவுக்குத் தெரிவதில்லை. நான் பொறுப்பில் இருந்தால் ஒரு விதி போடுவேன்: துளைகள் இல்லாமல் உருவத்தை மட்டும் காட்டும் படம் எந்த அறிக்கையிலும் வரக்கூடாது.

தரவே பொய்யானால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியாவின் கலிமந்தானில் புசாங் இருக்கிறது. கனடாவின் ப்ரெ-எக்ஸ் நிறுவனம் அங்கே ஏறத்தாழ 7 கோடி அவுன்ஸ் தங்கம் இருப்பதாக உலகை நம்பவைத்தது. மதிப்பீட்டுக் கணக்கில் பிழை இல்லை. ஆய்வகத்துக்குப் போன நொறுக்கிய மாதிரிகளில் தங்கத்தூளைக் கலந்திருந்தார்கள். 1997இல் வேறொரு நிறுவனம் பழைய துளைகளுக்குப் பக்கத்திலேயே துளையிட்டபோது தங்கமே இல்லை. கணினி எண்ணைச் சந்தேகிக்காது. இந்த மோசடிக்குப் பிறகுதான் கனடா 2001இல் கடுமையான அறிக்கை விதிகளைக் கொண்டுவந்தது. ஆகவே துளைத் தரவுக் கிடங்குக்கான மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது வேகத்தைப் பார்க்காதீர்கள். மாதிரியைத் தொட்டது யார், எப்போது, ஆய்வகத்துக்கு வெற்று மாதிரியும் இரட்டை மாதிரியும் போனதா, ஓர் எண்ணை யாராவது திருத்தினால் பழைய எண் அழியாமல் நிற்கிறதா என்று பாருங்கள். விற்பனைக் காட்சியில் இதை யாரும் காட்டமாட்டார்கள், கண்ணுக்குக் கவர்ச்சியாக இராது.

நிலத்தடிச் சுரங்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோலார் தங்கவயலில் நம் பாட்டன்மார் பலர் உழைத்தார்கள். அதன் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது. 2001இல் வயல் மூடப்பட்டது. அந்த ஆழத்தில் காற்றும் பாறை அழுத்தமும்தான் சுரங்கத்தை ஆள்பவை. காற்றோட்டத்துக்கு இன்று வென்ட்சிம் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றின் மூலக்கணக்கு 1936இல் ஹார்டி கிராஸ் தண்ணீர்க் குழாய்ப் பிணையங்களுக்குக் கொடுத்தது. பாறைக்கு டொரன்டோவின் ராக்சயன்ஸ், மினியாபொலிஸின் இட்டாஸ்கா நிறுவனங்களுடையவை. இவற்றை வாங்குவது கடினமில்லை. சுரங்கப்பாதை ஒவ்வொன்றின் காற்றுத் தடையையும் அளந்து உள்ளிடும் ஆள் கிடைப்பதுதான் கடினம்.

டம்பர்களை வழிநடத்தும் மென்பொருள் பற்றி மேலாளர்கள் கேட்பீர்கள் என்று தெரியும். அமெரிக்காவின் டூசானில் 1979இல் தொடங்கிய மாடுலர் மைனிங் நிறுவனத்தின் டிஸ்பாட்ச்தான் இதில் முன்னோடி. இன்று கொமாட்சுவின் கையில் இருக்கிறது. ஷவல் காத்திருக்கிறதா, டம்பர் காத்திருக்கிறதா என்று ஒவ்வொரு நொடியும் பார்த்து, காலியாகத் திரும்பும் டம்பரை எந்த ஷவலுக்கு அனுப்பினால் மொத்தக் காத்திருப்பு குறையும் என்று கணக்கிடும். ஐம்பது டம்பர், பத்து ஷவல் உள்ள சுரங்கத்தில் இது காசு அள்ளும். எட்டு டிப்பர், இரண்டு எக்ஸ்கவேட்டர் உள்ள இடத்தில் வாக்கி-டாக்கி வைத்திருக்கும் ஃபோர்மேன் போதும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு முடிச்சு இருக்கிறது. நம் சுரங்கங்கள் பலவற்றில் வண்டி ஒப்பந்தக்காரருடையது, ஓட்டுநருக்குக் கூலி நடைக்கு இத்தனை ரூபாய். மென்பொருள் சொல்கிறது: தூரத்து ஷவலுக்குப் போ, மொத்த உற்பத்தி கூடும். ஓட்டுநர் கணக்குப் போடுகிறார்: தூரம் போனால் எனக்கு இரண்டு நடை குறையும். யார் ஜெயிப்பார்? ஓட்டுநர்தான், அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. திரையில் ஒன்று ஓடும், ஹால் ரோட்டில் வேறொன்று ஓடும். கூலியை டன்-கிலோமீட்டர் கணக்குக்கு மாற்றாமல் இந்த மென்பொருளை வாங்கினால் அது வருகைப் பதிவேடாக மட்டுமே பயன்படும்.

சரிவுக் கண்காணிப்புக்கு வருவோம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிங்கம் கேன்யன் தாமிரச் சுரங்கத்தில் 2013 ஏப்ரல் 10 அன்று ஒரு பக்கச் சுவரே சரிந்தது. வட அமெரிக்கச் சுரங்க வரலாற்றில் அவ்வளவு பெரிய சரிவு நடந்ததில்லை. ஒருவருக்கும் காயம் இல்லை. ரேடாரும் பிரிசம்களும் சுவர் மில்லிமீட்டர் கணக்கில் நகர்வதை வாரக்கணக்காகக் காட்டின, சரிவதற்கு முன்பே ஆட்களை வெளியேற்றிவிட்டார்கள். ஆனால் சரிந்த மண் கணக்கிட்டதைவிட அதிக தூரம் ஓடி, பாதுகாப்பான இடம் என்று நிறுத்தியிருந்த டம்பர்களையும் ஷவல்களையும் விழுங்கியது. எப்போது விழும் என்று கருவி சொன்னது, எவ்வளவு தூரம் ஓடும் என்று சொல்லவில்லை. நம் நாட்டில் ஜார்கண்டின் ராஜ்மகால் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் 2016 டிசம்பரில் மண் சரிந்து 23 பேர் இறந்தார்கள். இந்த வகை மென்பொருள் வாங்கும்போது நான் வைக்கும் முதல் கேள்வி திரையைப் பற்றியது அல்ல. இரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தால் யாருக்கு அழைப்பு போகும், மேலாளரை எழுப்பாமலே வேலையை நிறுத்தும் அதிகாரம் ஷிப்ட் அதிகாரிக்கு எழுத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த உத்தரவை முதலில் போடுங்கள், ரேடார் பிறகு வரட்டும்.

இனி எல்லாச் சுரங்கத்துக்கும் பொதுவான ஒன்று. 2015 திருத்தத்துக்குப் பிறகு நம் நாட்டில் நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் நீங்கலாகப் பெரும்பாலான முதன்மைக் கனிமங்களுக்கான சுரங்கக் குத்தகை 50 ஆண்டு. மென்பொருள் நிறுவனங்களின் ஆயுளைப் பாருங்கள். விட்டிலையும் சர்பாக்கையும் வாங்கியது கனடாவின் ஜெம்காம். ஜெம்காமை 2012இல் வாங்கியது பிரான்சின் டசோ. மைன்சைட் 2014இல் ஹெக்சகனிடம் போனது, பெயரும் மாறியது. லீப்ஃப்ராக்கை வைத்திருந்த சீக்வென்ட் 2021இல் பென்ட்லியிடம் போனது. மைக்ரோமைன் 2025இல் ஸ்காட்லாந்தின் வெயர் குழுமத்திடம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் லைசன்ஸ் முறை மாறும், பழைய பதிப்புக்கு ஆதரவு நிற்கும், நேற்று வரை ஒருமுறை வாங்கியதற்கு இன்று வருடாவருடம் சந்தா கட்ட வேண்டிவரும். உங்கள் பேரப்பிள்ளை வயதுக்காரர் அந்தக் குத்தகையின் கடைசித் திட்டத்தைப் போடும்போது, இன்றைய பிளாக் மாடல் அவர் கணினியில் திறக்க வேண்டும்.

அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, அரை நாளில் முடியும். விற்பனையாளரின் மென்பொருளில் போட்ட பிளாக் மாடலைச் சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அதை வேறொரு மென்பொருளில் ஏற்றி, ஒரே எல்லைக்குள் டன்னையும் தரத்தையும் கணக்கிடுங்கள். ஒத்துப்போகிறதா? பிளாக் சுழற்றப்பட்டிருந்தால், துணை பிளாக்குகள் இருந்தால், பெரும்பாலும் இங்கேதான் குட்டு வெளிப்படும். கம்பிவலையும் பிளாக் மாடலும் எல்லா மென்பொருளுக்கும் பொதுவாகத் திறக்க வேண்டுமென்று சுரங்கத் துறைக்காரர்கள் கூடி ஒரு திறந்த கோப்பு வடிவத்தையும் உருவாக்கியிருக்கிறார்கள். அதை ஆதரிக்கிறீர்களா என்றும் கேளுங்கள்.

சர்வேயர்கள் தலையசைப்பது தெரிகிறது. உங்கள் தலைவலியையும் சொல்கிறேன். 2021 முதல், ஆண்டுக்கு 10 லட்சம் டன் அல்லது அதற்கு மேல் தோண்டத் திட்டமிடும் குத்தகைகளும், 50 ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் பரப்புள்ளவையும் ட்ரோன் சர்வே செய்து இந்தியச் சுரங்கப் பணியகத்திடம் கொடுக்க வேண்டும், எல்லைக்கு வெளியே 100 மீட்டர் வரை. ட்ரோன் டபிள்யூஜிஎஸ்-84இல் பறக்கும். பழைய வரைபடமோ எவரெஸ்ட் அடிப்படையில் இருக்கும், அல்லது யாரோ ஒருவர் ஒரு கல்லைப் பூஜ்யமாக வைத்துத் தொடங்கிய உள்ளூர்க் கட்டத்தில் இருக்கும். மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் குத்தகை எல்லை தன் இடத்தைவிட்டுத் தள்ளி, பக்கத்து நிலத்துக்குள் போய் உட்காரும். மென்பொருளுக்கு அது பிழையாகத் தெரியாது. ஆகவே எந்த மென்பொருளானாலும் உங்கள் உள்ளூர்க் கட்டத்தை அதில் பதிந்து, தெரிந்த நான்கு தூண்களின் இடத்தைச் சரிபார்த்த பிறகே ஒப்பந்தத்தைப் பேசுங்கள்.

கடைசியாக, எப்படித் தேர்ந்தெடுப்பது? விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரித் தரவில் அவருடைய ஆள் ஓட்டிக்காட்டும் காட்சியை நம்ப வேண்டாம். அந்தத் தாது எப்போதும் ஒழுங்காகவே கிடக்கும். உங்கள் சுரங்கத்தில் ஏற்கெனவே வெட்டி முடித்த இரண்டு பெஞ்சைத் தேர்ந்தெடுங்கள். வெட்டுவதற்கு முன்னிருந்த துளைத் தரவை மட்டும் கொடுங்கள். ஆலைக்கு உண்மையில் போன டன்னும் தரமும் உங்கள் அலமாரியில் பூட்டியிருக்கட்டும். ஓட்டுபவர் விற்பனையாளரின் ஆளாக இருக்கக்கூடாது. உங்கள் சுரங்கத்திலேயே வேலை செய்யும் நிலவியலாளரும் திட்டப் பொறியாளரும் இரண்டு வாரப் பயிற்சிக்குப் பிறகு ஓட்டட்டும். அவர்கள் கொண்டுவரும் எண்ணை அலமாரியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். மென்பொருளுக்கும் மென்பொருளுக்கும் எண்ணில் பெரிய வேறுபாடு இராது என்பது என் எதிர்பார்ப்பு. வேறுபாடு வேறிடத்தில் தெரியும்: யாரிடம் உதவி கேட்டபோது இந்திய நேரத்தில் பதில் வந்தது, எதில் உங்கள் ஆள் மூன்றாம் நாளிலேயே தானாக வேலை செய்தார், எதில் பத்தாம் நாளும் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். இந்த அளவீடுகளை டெண்டரின் தொழில்நுட்ப மதிப்பெண்ணில் முன்கூட்டியே எழுதிவையுங்கள். விலை உறையைத் திறந்த பிறகு எழுதினால் தணிக்கைக்காரர் உங்களைச் சும்மா விடமாட்டார்.

லைசன்ஸை இரண்டு பேருக்காவது வாங்குங்கள். மென்பொருள் தெரிந்த ஒரே ஆள் வேறு வேலைக்குப் போனதும் திட்டப்பிரிவே முடங்கிய இடங்கள் உண்டு. அந்த இருவரில் ஒருவர் சர்வேயராக இருக்கட்டும்.

சின்னக் கல்குவாரி நடத்துபவர்களும் வந்திருப்பதாக அறிகிறேன். உங்களுக்கு மேலே சொன்ன எந்தத் தொகுப்பும் வேண்டாம். கியூஜிஐஎஸ் இலவசம். அதில் குத்தகை எல்லையும் ட்ரோன் படமும் பெஞ்ச் உயரமும் வைத்துக்கொள்ளலாம், மாதம் எவ்வளவு கன அளவு எடுத்தீர்கள் என்று பார்க்கலாம். கிரானைட் வெட்டுபவருக்கு விரிசல் ஓடும் திசைகளே பிழைப்பு. முகப்பில் காம்பஸ் வைத்து அளந்து நோட்டில் எழுதும் பழக்கம் இருந்தால் அதை விடவேண்டாம். எழுதாதவர்கள் நாளைக்கே தொடங்கலாம். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள். முதலில் சர்வேயர்கள்.